அனுப்பிய கடிதம் எங்கே நின்றது?
அத்தியாயம் 6: வடிகட்டியில் சிக்கும் அலுவலக மின்னஞ்சல்கள்

'அனுப்பப்பட்டவை' பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தால் அது உங்கள் கணினியை விட்டுப் புறப்பட்டுவிட்டது என்று மட்டுந்தான் அர்த்தம். வாகரையில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனக் கள அலுவலகம் காலாண்டு அறிக்கையைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து அழைப்பு வரும்: "அறிக்கை இன்னும் வரவில்லையே?" அனுப்பினோம் என்று இங்கே சொல்வார்கள், கிடைக்கவில்லை என்று அங்கே சொல்வார்கள். பொய் சொல்பவர் யாருமில்லை. கடிதத்தை நடுவில் ஒரு பாதுகாப்பு வடிகட்டி பிடித்து வைத்திருக்கும்.

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் அறுபது கிலோமீற்றருக்கு மேல் வந்தால்தான் வாகரை. முன்னர் கோப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிக் கச்சேரிக்குப் போனவர்கள், கையில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். மின்னஞ்சல் அந்தப் பஸ் பயணத்தை மிச்சப்படுத்தியது. ஆனால் முத்திரை குத்திய பிரதியும் அதோடு போய்விட்டது. அதற்கு ஈடாக இன்று என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம். ஐ.ரி. உத்தியோகத்தர் பக்கத்து மேசையில் இல்லாத, அவரைப் பிடிக்க மட்டக்களப்புக்கோ கொழும்புக்கோ அழைக்க வேண்டிய அலுவலகங்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

ஏன் இவ்வளவு கெடுபிடி

வடிகட்டியைத் திட்டும் முன் 2023ஆம் ஆண்டை நினைத்துக்கொள்வது நல்லது. அந்த வருடம் ஆகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவைக்குள் கப்பம் கேட்கும் தீநிரல் புகுந்தது. ஜிஓவி டாட் எல்கே என்று முடியும் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தவை அழிந்தவைதான். அந்தக் காலத்துக்குரிய காப்புப் பிரதி வேறோரிடத்தில் எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அஞ்சல் சேவையகத்தில் ஓடிக்கொண்டிருந்த மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 மென்பொருளுக்கு, அதே வருடம் ஏப்ரலிலேயே அந்த நிறுவனம் ஆதரவை நிறுத்தியிருந்தது. முந்திய வாரங்களில் சந்தேகமான லிங்க்குகள் உத்தியோகத்தர்களுக்கு வந்ததாகவும், யாராவது ஒருவர் அழுத்தியிருக்கலாம் என்றும் அப்போது சொல்லப்பட்டது.

இதற்குப் பிறகு எந்தத் தலைமையகமும் தளர்வாக இருக்கத் துணியாது. களப்பில் வலைக் கண் சிறுத்தால் குஞ்சும் சேர்ந்து படும். வடிகட்டியை இறுக்கினாலும் அப்படித்தான், நல்ல கடிதமும் சேர்ந்து சிக்கும். அதற்காக இறுக்கத்தைக் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பதில் பலனில்லை. சிக்கிய கடிதத்தைக் கண்டுபிடித்து, ஆளை உறுதிசெய்து, வெளியே எடுக்கும் பழக்கம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அது பெரும்பாலும் கணினியால் செய்யும் வேலையல்ல, தொலைபேசியால் செய்யும் வேலை.

கடிதத்துக்கு நேரக்கூடியவை

சில கடிதங்கள் திரும்பி வந்துவிடும். 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட அறிவித்தல் வரும். அதைக் கண்டதும் வைரஸ் என்று பயந்து அழித்துவிடுகிறவர்களே அதிகம். அழிக்காதீர்கள். அதற்குள் ஒரு மூன்றிலக்க எண்ணும், புள்ளி வைத்துப் பிரித்த இன்னொரு சிறிய எண்ணும் இருக்கும். 4இல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல், சேவையகம் தானாகவே மறுபடி முயலும், நீங்கள் பொறுத்திருந்தால் போதும். 5இல் தொடங்கினால் மறுத்துவிட்டார்கள். 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. எழுத்துப் பிழையைத் தேடுங்கள். 5.2.2 என்றால் அவருடைய பெட்டி நிரம்பிவிட்டது. 5.7 என்று தொடங்கினால் பாதுகாப்புக் காரணத்துக்காக நிறுத்தியிருக்கிறார்கள். திரும்பி வருபவற்றில் அந்த வகைக்கு மட்டுந்தான் இந்த அத்தியாயம் தேவை. தலைமையகத்துக்கு அழைத்து "மெயில் போகுதில்லை" என்று சொல்வதற்கும், "5.7.26 என்று திரும்பி வந்திருக்கிறது" என்று சொல்வதற்கும் அரை நாள் வித்தியாசம் உண்டு.

திரும்பி வராத கடிதங்கள்தான் தொல்லை. அவற்றில் சில பெறுநரின் ஸ்பாம் பெட்டிக்குள் விழுகின்றன. ஜிமெயில் அவற்றை 30 நாளில் தானாகவே அழித்துவிடும். வேறு சில பெறுநரின் பெட்டிக்கே போகாமல், நிறுவனத்தின் தனிமைப்படுத்தல் பகுதியில் நிற்கும். கொவிட் காலத்துக்குப் பிறகு இந்தச் சொல்லை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மைக்ரோசாஃப்ட் சேவையில் இந்தக் காவல் காலம் நிர்வாகி வைத்திருக்கும் ஏற்பாட்டைப் பொறுத்துப் பெரும்பாலும் 15 நாள் அல்லது 30 நாள். அது முடிந்தால் கடிதம் போய்விடும், மீட்க முடியாது. இணைப்பை ஒரு மூடிய கணினிச் சூழலில் திறந்து பார்த்துச் சோதிக்கும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. அங்கே கடிதம் சில நிமிடங்கள் பிந்தும், அவ்வளவுதான். அதற்குப் பதறி மூன்று தரம் அனுப்பாதீர்கள். ஒரே கடிதம் திரும்பத் திரும்ப வந்தால் வடிகட்டியின் சந்தேகந்தான் கூடும்.

எங்கள் பக்கத்துக் கடிதங்கள் ஏன் சிக்குகின்றன

முதலில் ஆளடையாளம். வடிகட்டி உங்கள் பெயரைப் படித்து நம்புவதில்லை. உங்கள் முகவரியில் அற் குறிக்குப் பின்னால் இருக்கும் களப்பெயருக்காக எந்தச் சேவையகம் கடிதம் அனுப்பலாம் என்று ஒரு பகிரங்கப் பட்டியல் இருக்க வேண்டும். அது எஸ்பிஎஃப். கடிதத்தில் கணினி இடும் கையொப்பம் ஒன்று உண்டு, அது டிகிம். இவை பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்று களப்பெயரின் சொந்தக்காரர் எழுதி வைக்கும் அறிவுறுத்தல் டிமார்க். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் எவர் அனுப்பினாலும் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். சில வருடங்களுக்கு முன் ஒருவர் இணையத்தளம் செய்து கொடுத்தபோது சேர்த்துக் கொடுத்த முகவரியில் இருந்து இவ்வளவு காலமும் ஒழுங்காகப் போன கடிதங்கள் திடீரென்று 5.7.26 என்று திரும்பத் தொடங்கினால் காரணம் இதுதான். இதை நீங்கள் திருத்த முடியாது. களப்பெயரைப் பராமரிக்கிறவரிடம் "எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் போட்டுத் தாருங்கள்" என்று கேளுங்கள். விஷயம் தெரிந்தவருக்கு ஒரு மணித்தியால வேலை. அதற்குப் புதிய இணையத்தளம் செய்ய வேண்டும் என்று யாராவது விலைமனு தந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

சங்கங்கள் பலவும் ஜிமெயில் முகவரியையே வைத்திருக்கின்றன. அதில் பிழையில்லை; மேற்சொன்ன மூன்றையும் கூகுளே பார்த்துக்கொள்ளும். அந்த ஒரு கணக்கின் கடவுச்சொல் தலைவர், செயலாளர், பொருளாளர், பழைய செயலாளர், பக்கத்துக் கொமினிகேஷன் கடைத் தம்பி என்று எல்லோரிடமும் இருப்பதுதான் வம்பு. கடைக் கணினியில் யாரோ கொண்டுவந்து செருகிய பென் டிரைவ் வழியாகக் கணக்கு பறிபோனால், இரவோடிரவாக அதிலிருந்து குப்பைக் கடிதங்கள் பறக்கும். மறுநாள் தொடக்கம் உங்கள் உண்மையான கடிதங்களையும் உலகம் சந்தேகிக்கும். புதிய நிர்வாக சபை தெரிவானதும் வங்கியில் கையொப்பம் மாற்றுகிறோம் அல்லவா, அதே கிழமையில் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். கடையில் திறந்த கணக்கை மூடாமல் எழும்பாதீர்கள்.

அடுத்தது எழுத்துரு. இதைப் பற்றி ஐ.ரி. பயிற்சிகளில் யாரும் சொல்வதில்லை. எங்கள் அலுவலகங்களில் இன்றும் பாமினி உயிரோடு இருக்கிறது. பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கணினி உள்ளே சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துவரிசை. 'வாகரை' என்றால் ரி, எச், எஃப், ஐ, யு. பாமினி எழுத்துரு உள்ள கணினியில்தான் அது தமிழாகத் தெரியும். நடுவில் நிற்கும் வடிகட்டிக்கு அது எந்த மொழியுமில்லாத எழுத்துக் குவியல். வடிகட்டியை ஏமாற்றச் சொற்களைச் சிதைத்து எழுதும் குப்பைக் கடிதங்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். தலைப்பு வரியில் பாமினியை ஒட்டினால் இன்னும் மோசம். தலைப்பு வரிக்கு எழுத்துருவே கிடையாது, பெறுநரின் திரையிலும் அரைப்புள்ளிகளாகவே தெரியும். ஆகவே கடிதத்தின் உடலும் தலைப்பும் யூனிகோட்டில் இருக்கட்டும். பாமினியிலிருந்து மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. பழைய பாமினி ஆவணத்தை இணைக்க வேண்டி வந்தால் பிடிஎஃப் ஆக்கி இணையுங்கள், எழுத்துரு அதற்குள்ளேயே போய்விடும்.

யூனிகோட் தமிழுக்கும் ஓர் இடையூறு வரலாம். குறிப்பிட்ட மொழிகளில் வரும் கடிதங்களை ஸ்பாம் என்று கொள்ளும்படி நிர்வாகி ஏற்பாடு செய்யும் வசதி மைக்ரோசாஃப்ட் வடிகட்டியில் உண்டு. ஜெனீவாவிலோ ஒஸ்லோவிலோ இருக்கும் நன்கொடையாளர் அலுவலகம் அப்படிச் செய்திருந்தால் உங்கள் தமிழ்க் கடிதம் படிக்கப்படாமலே போகும். வெளிநாட்டுக்கு அனுப்பும்போது தலைப்பும் முதல் இரு வரிகளும் ஆங்கிலத்தில், திட்ட இலக்கத்தோடு இருக்கட்டும். தமிழ்ப் பகுதியைக் கீழே வையுங்கள்.

ஆங்கில எழுத்தில் எழுதிய எங்கள் பெயர்களும் சில வேளை மாட்டிக்கொள்ளும். லக்ஷிதா, ஹர்ஷிதா என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், நடுவில் நான்கெழுத்துக் கெட்ட வார்த்தையொன்று நிற்கும். இங்கிலாந்தில் ஸ்கன்தோர்ப் என்ற ஊர்க்காரர்கள் 1996இல் ஏஓஎல் நிறுவனத்தில் கணக்குத் திறக்க முடியாமல் திண்டாடியது இதே காரணத்தால்தான். இன்றைய வடிகட்டிகள் அவ்வளவு முட்டாள்களல்ல. என்றாலும் பழைய சொற்பட்டியலை இன்னும் வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. பயனாளிகளின் பெயர்ப்பட்டியலைக் கடிதத்தின் உடலில் ஒட்டாமல் இணைப்பாக அனுப்புவது இதற்கும் உதவும், கீழே சொல்லப்போகும் வேறொரு காரணத்துக்கும் உதவும்.

சொல்லைப் பார்த்துப் பிடிப்பது மடைத்தனமாகத் தோன்றினாலும் அதனால் ஒரு நாட்டின் பணம் காப்பாற்றப்பட்டதும் உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து ஏறக்குறைய 951 மில்லியன் டொலரை எடுக்கத் திருடர்கள் கட்டளைகள் அனுப்பினார்கள். வேலை கேட்பவர் அனுப்பியது போன்ற மின்னஞ்சல்களோடு தொடங்கிய ஊடுருவல் அது. பணம் போய்ச் சேரவிருந்த மணிலா வங்கிக் கிளை ஜூபிடர் என்ற வீதியில் இருந்தது. அதே பெயர் அமெரிக்காவின் ஈரான் தடைப் பட்டியலிலும் இருந்ததால் வடிகட்டி மணியடித்து, பெரும்பாலான கட்டளைகள் நின்றன. சம்பந்தமேயில்லாத காரணத்துக்காகப் பிடித்து, உண்மையான திருட்டை மறித்தது. இன்னொரு கட்டளை 20 மில்லியன் டொலரை இலங்கையிலுள்ள ஷாலிகா பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு அனுப்பச் சொன்னது. பவுண்டேஷன் என்ற ஆங்கிலச் சொல்லில் எழுத்துப் பிழை இருந்ததைக் கண்டு இடையிலிருந்த வங்கி விளக்கம் கேட்க, அதுவும் நின்றது. பணம் திரும்பியது. மணிலாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட 81 மில்லியனில் பெரும் பகுதி போனதுதான்.

இணைப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேக்ரோ (தானாக இயங்கும் கட்டளைத் தொடர்) உள்ள எக்செல் பைல்களை அனுப்பாதீர்கள். 2022 தொடக்கம் இணையவழி வரும் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுக்கிறது. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைப்புப் போகாது. கடவுச்சொல் போட்ட ஸிப் பைலைத் திறந்து பார்க்க முடியாத காரணத்தால் பல வடிகட்டிகள் நிறுத்திவிடும். தொலைபேசியில் படமெடுத்து, தலைப்புமில்லாமல் உடலில் ஒரு வரியுமில்லாமல் அனுப்பும் பழக்கம் எங்களிடம் மிச்சம் அதிகம். குறைந்தது யார், என்ன விடயம், எந்த ஆவணம் என்று இரண்டு வரி எழுதுங்கள். சுருக்கிய லிங்க்குகளைப் போடாதீர்கள். எங்கே போகும் என்று தெரியாத லிங்க்கை வடிகட்டியும் விரும்பாது, மனிதரும் விரும்பக்கூடாது.

தடுக்கப்பட்ட பைலின் பெயர் நீட்டிப்பை மாற்றிப் படம்போல வேஷம் போட்டு அனுப்பும் குறுக்கு வழியை யாராவது சொல்லித்தருவார்கள். வேண்டாம். அது ஒருநாள் வேலை செய்யும். பிடிபடும் நாளில் உங்கள் முகவரியையே தடை செய்வார்கள். பெரிய பைலென்றால் கூகுள் டிரைவில் போட்டு, பெறுநரின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். 'லிங்க் உள்ள எவரும்' என்ற தெரிவைத் தொடாதீர்கள்.

உங்களுக்கு வந்த கடிதம் பிடிபட்டால்

தலைமையகத்தின் முகவரியைப் பாவிப்பவர்களுக்கு "உங்களுக்கு வந்த 3 கடிதங்கள் தடுத்து வைக்கப்பட்டுள்ளன" என்று அவ்வப்போது ஓர் அறிவித்தல் வரும். உண்மையான அறிவித்தலும் வரும். அதைப் பார்த்துச் செய்த போலியும் வரும். போலியில் 'விடுவி' என்ற பொத்தானை அழுத்தினால் அச்சொட்டாக மைக்ரோசாஃப்ட் உள்நுழைவுப் பக்கம் போன்ற ஒன்று திறந்து கடவுச்சொல்லைக் கேட்கும். இரண்டையும் பிரித்தறிய நீங்கள் நிபுணராக வேண்டியதில்லை. அறிவித்தலில் உள்ள எதையும் அழுத்தாமல், உலாவியைத் திறந்து, நிறுவனம் தந்த தனிமைப்படுத்தல் பக்கத்தின் முகவரியை நீங்களே தட்டுங்கள். அதை ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டி வையுங்கள் (கடவுச்சொல்லை ஒட்டாதீர்கள்). அந்தப் பக்கத்தில் கடிதம் இருந்தால் அறிவித்தல் உண்மை. இல்லையென்றால் விடயம் முடிந்தது.

அங்கே ஒவ்வொரு கடிதத்துக்கும் பக்கத்தில் பிடித்த காரணம் எழுதியிருக்கும். வெறும் ஸ்பாம் என்றால் பெரும்பாலும் நீங்களே விடுவிக்கலாம். தீநிரல், அல்லது உறுதியான மோசடி என்றிருந்தால் நிர்வாகிதான் விடுவிக்க முடியும், நீங்கள் வேண்டுகோள் மட்டும் விடலாம். அதைக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள், அந்த முடிவை உங்கள் தலையில் சுமத்தாமல் விட்டிருக்கிறார்கள்.

வாழைச்சேனையில் இருக்கும் ஒரு வன்பொருள் கடையிலிருந்து வரவேண்டிய விலைமனு பிடிபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியவர் பெயர் தெரிந்த பெயர். முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஆங்கில எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டினாற்போல் எழுதிப் போலி முகவரி செய்வார்கள். பிறகு தொலைபேசியை எடுங்கள். கடிதத்தின் கீழே இருக்கும் இலக்கத்துக்கு அழைக்காதீர்கள், பழைய பற்றுச்சீட்டில் இருக்கும் இலக்கத்துக்கு அழையுங்கள்.

"தம்பி, இண்டைக்குக் காலையில எங்களுக்கு விலைமனு ஒண்டு மெயில் பண்ணினீங்களா?"

"ஓம் அக்கா, பத்து மணி போல அனுப்பின. கிடைக்கல்லையா?"

"தடுத்து வச்சிரிக்கி. எத்தின பைல் வச்சீங்க, என்ன பெயர் போட்டீங்க?"

"ஒரு பிடிஎஃப் தான் அக்கா. கூரைத்தகடு எண்டு பெயர்."

"சரி, பாத்திட்டு மறுகா எடுக்கிறன்."

இதில் முக்கியமான கேள்வி மூன்றாவது வரியில் இருக்கிறது. அனுப்பினீர்களா என்று மட்டும் கேட்டால் 'ஓம்' என்ற பதில் போதாது, அவர் அனுப்பியது வேறொரு கடிதமாக இருக்கலாம். இணைப்பின் எண்ணிக்கையும் பெயரும் பொருந்த வேண்டும். பிடிஎஃப் ஒன்று என்று அவர் சொல்ல, தடுக்கப்பட்ட கடிதத்தில் ஸிப் ஒன்று இருந்தால், அவருடைய கணக்கு வேறொருவர் கையில் இருக்கக்கூடும். அதை அவருக்கு உடனே சொல்லுங்கள், அவரே அறிந்திருக்க மாட்டார். இந்த விதமாக ஆளைக் குரலில் அறிந்து உறுதிசெய்வதில் கொழும்பின் பெரிய அலுவலகங்களை விட மாங்கேணியிலும் கதிரவெளியிலும் இருக்கும் சிறிய அலுவலகங்கள்தான் கெட்டி. கடைக்காரரின் குரலை மட்டுமல்ல, அவருடைய தகப்பனாரின் குரலையும் தெரிந்தவர்கள் நாங்கள்.

ஒரே ஆளின் கடிதம் திரும்பத் திரும்பச் சிக்கினால் அந்த முகவரியை மட்டும் நம்பகப் பட்டியலில் சேர்க்கச் சொல்லலாம். ஜிமெயில் என்ற களப்பெயர் முழுவதையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். உலகத்தில் ஜிமெயில் வைத்திருக்கும் மோசடிக்காரர் அத்தனை பேருக்கும் கதவைத் திறந்துவிடும் வேலை அது.

வடிகட்டி பிடிக்காத கடிதம்

லிங்க் இல்லை, இணைப்பு இல்லை, கெட்ட வார்த்தை இல்லை. "எங்கள் வங்கிக் கணக்கு மாறியுள்ளது. அடுத்த கொடுப்பனவைக் கீழுள்ள கணக்கிலக்கத்துக்கு அனுப்பவும்" என்று நல்ல தமிழில் மூன்று வரி. பழக்கமான விநியோகஸ்தரின் பறிபோன கணக்கிலிருந்தே வந்திருந்தால் ஆளடையாளச் சோதனை மூன்றிலும் தேறிவிடும். வடிகட்டி இதைத் தலையாட்டி உள்ளே விடும். பணிப்பாளரின் பெயரில், "கூட்டத்தில் இருக்கிறேன், அழைக்க வேண்டாம், அவசரமாக இந்தப் பணத்தை அனுப்பு" என்று வருவதும் இதே இனம். கணக்கிலக்க மாற்றத்தை மின்னஞ்சலை மட்டும் வைத்து ஏற்பதில்லை, பழைய இலக்கத்துக்கு அழைத்து, கடிதத் தலைப்பில் கையொப்பமிட்ட மூலப்பிரதி வாங்கி, இருவர் பார்த்த பிறகே மாற்றுவது என்று நிர்வாக சபைக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றிக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். தீர்மானம் இருந்தால் "அழைக்க வேண்டாம்" என்று மேலதிகாரி பெயரில் வரும் கடிதத்தையும் மீறி அழைக்க எழுதுவினைஞருக்குத் துணிவு வரும்.

அடையாள அட்டை இலக்கங்கள்

வெள்ள நிவாரணப் பட்டியல் அனுப்பும்போது கடிதம் உங்கள் பக்கத்திலேயே நிற்பதுண்டு. வெளியே போகும் தனிப்பட்ட தகவல்களைப் பிடிக்கும் வடிகட்டி அது. நூறு குடும்பங்களின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கிலக்கம் ஒரே தாளில் இருந்தால் பிடிக்கத்தான் வேண்டும். எங்கள் அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமல்ல. பிறந்த வருடம், அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பன அதற்குள்ளேயே இருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாளெண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அதாவது இலக்கத்தைப் பார்த்த எவருக்கும் வயதும் பாலும் பிறந்த திகதியும் தெரியும். கணவனை இழந்த பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் பட்டியலை இப்படித் திறந்து அனுப்புவது எத்தகைய காரியம் என்பதை யோசித்துப் பாருங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த மாதிரித் தகவல்களைக் கையாளுகிறவர்களை மனதில் வைத்தே வந்தது.

எக்செல் பைலுக்குக் கடவுச்சொல் போடுங்கள். கடவுச்சொல்லை அதே கடிதத்தில் எழுதாமல் தொலைபேசியில் சொல்லுங்கள். அதையும் வடிகட்டி நிறுத்தினால் மேலே சொன்ன டிரைவ் வழி. நன்கொடையாளருக்கு இலக்கங்கள் உண்மையிலேயே வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் எண்ணிக்கையும் கிராமப் பெயரும் போதும் என்பார்கள்.

தவறவிடக் கூடாத ஸ்பாம் பெட்டி

பொது அதிகாரசபைகளில் வேலை செய்பவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி வேண்டுகோளை எழுத்தில் தரலாம், மின்னணு வழியில் எழுதியதும் எழுத்துத்தான். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முன்பின் அறியாத ஒருவர் புதிய ஜிமெயிலிலிருந்து, நீண்ட தமிழ்க் கடிதத்தோடு அனுப்பும் வேண்டுகோள் ஸ்பாமுக்குள் விழுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. விழுந்தது தெரியாது என்ற பதிலை மேன்முறையீட்டில் சொல்ல விரும்பாதவர்கள் கிழமைக்கு ஒருதரம், திங்கட்கிழமை காலையில், ஸ்பாம் பெட்டியைத் திறந்து பார்க்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள். அவர் விடுமுறையில் போனால் யார் என்பதையும் எழுதுங்கள். மாரி வெள்ளத்தில் அலுவலகம் மூடிக் கிடந்தாலும் 30 நாள் கணக்கு ஓடிக்கொண்டுதானிருக்கும்.

இதில் ஒரு மறைவான பொறி இருக்கிறது. அலுவலகக் கணினியிலுள்ள அவுட்லுக் சில இடங்களில் பாப் என்ற பழைய முறையில் பொருத்தப்பட்டிருக்கும். அது சேவையகத்தின் உள்பெட்டியை மட்டுமே இறக்கும். ஸ்பாம் பெட்டி சேவையகத்திலேயே கிடக்கும், உங்கள் கண்ணில் வருடக்கணக்காகப் படாது. உலாவி வழியாக அஞ்சல் கணக்கைத் திறந்து ஒருமுறை பாருங்கள். ஐமாப் முறைக்கு மாற்றச் சொன்னால் அந்தத் தொல்லை தீரும்.

ஐ.ரி. பிரிவுக்கு எழுதும்போது

நீண்ட முறைப்பாடு வேண்டாம். அவர்களுக்குத் தேவையானவை சிலதான். இப்படி எழுதினால் ஒரே பதிலில் வேலை முடியும்:

"வாகரைக் கள அலுவலகத்திலிருந்து எழுதுகிறேன். 12ஆம் திகதி காலை 10.20 மணிக்கு எமது முகவரியிலிருந்து கணக்குப் பிரிவுக்கு 'முதலாம் காலாண்டு அறிக்கை' என்ற தலைப்பில், ஒரு பிடிஎஃப் இணைப்போடு கடிதம் அனுப்பினோம். திரும்பி வந்த அறிவித்தலில் 550 5.7.1 என்றுள்ளது. அறிவித்தலின் முழுப் பிரதியை இணைத்துள்ளேன். கணக்குப் பிரிவுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கிடைக்கவில்லை என்பதை உறுதிசெய்துவிட்டேன். எந்த விதியால் நின்றது என்பதை அறியத் தரவும். அதற்கேற்ப நாங்கள் மாற்றி அனுப்புகிறோம்."

வந்த கடிதம் பற்றிய சந்தேகமென்றால் அதை அப்படியே முன்னனுப்ப வேண்டாம். முன்னனுப்பும்போது மூல விபரங்கள் போய்விடும். ஜிமெயிலில் கடிதத்தின் மேல் வலப்பக்கத்திலுள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் 'மூலத்தைக் காட்டு' என்ற தெரிவு வரும். அந்தப் பக்கத்தின் மேலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுக்கும் தேறியதா இல்லையா என்று எழுதியிருக்கும். அதைத் தரவிறக்கி இணைத்து அனுப்புங்கள். கடவுச்சொல்லை ஏற்கனவே போலிப் பக்கத்தில் கொடுத்துவிட்டீர்கள் என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே வேறொரு கணினியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். முன்னனுப்பும் விதி ஏதாவது புதிதாகப் போடப்பட்டிருக்கிறதா என்று கணக்கின் அமைப்புகளுக்குள் பாருங்கள். திருடர்கள் போகும்போது அதை விட்டுவிட்டுப் போவார்கள், கடவுச்சொல் மாறிய பின்னும் உங்கள் கடிதங்களின் பிரதி அவர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதன் பிறகு தலைமையகத்துக்கு அழையுங்கள். தனி நிறுவனமென்றால் இலங்கை கணினி அவசர தயார்நிலை அணியின் 101 இலக்கத்துக்கு அழைக்கலாம்.